தாழ்வுபாட்டுக்கு ஒரு ஜி.பி.எஸ். வாங்கிய கதை

வங்கியில் கணினி பழுதானால் தொலைபேசியில் திட்டு வாங்குவது என் வேலை. சென்னையில் ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு, "ஒரு தடவை ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணுங்க சார்" என்று நாள் முழுக்கச் சொல்வேன். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும். இந்த ஒரே தகுதியை நம்பித்தான் இலங்கையில், மன்னாரில் ஒரு மீன்பிடிப் படகுக்கு ஜி.பி.எஸ். தேர்ந்தெடுத்துத் தர என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

கூப்பிட்டவள் மெட்லின். போர்க்காலத்தில் அவள் குடும்பம் மண்டபம் அகதி முகாமில் இருந்தது. நான் மண்டபத்துக்காரி. பள்ளிக்கூடத்தில் இருவரும் ஒரே பெஞ்சு. பிறகு அவள் ஊர் திரும்பிக் கல்யாணம் செய்துகொண்டாள், நான் சென்னைக்குப் போய்த் திட்டு வாங்க ஆரம்பித்தேன். எனக்குக் கடலும் தெரியாது, மீனும் தட்டில்தான் தெரியும் என்று போனில் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.

"நீ கொம்பியூட்டர் வேலைதானே செய்யிறாய்? அதிலயும் ஸ்கிரீன், இதிலயும் ஸ்கிரீன். வா" என்றாள். லீவு மிச்சம் இருந்தது. கிளம்பிவிட்டேன்.

மன்னார் நகரத்தில் என்னை முதலில் எதிர்கொண்டவை கழுதைகள். சாலை நடுவில் நான்கைந்து நின்றுகொண்டிருந்தன. பஸ் ஹாரன் அடித்தது. அவை அசையவில்லை. சென்னையில் இந்த உத்தியோகத்தை மாடுகள் பார்க்கின்றன. முகபாவம் மட்டும் இரண்டு நாட்டிலும் ஒன்றுதான்.

மெட்லினின் கணவர் செபமாலை அண்ணன் மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார். என் பெட்டியைப் பெட்ரோல் டாங்கின் மேல் வைத்து, தாடையால் அழுத்திக்கொண்டு ஓட்டினார். அவர்கள் ஊரான தாழ்வுபாடு பக்கம்தான். ஆனாலும் எதிரே சைக்கிளில் மீன் பெட்டியோடு வந்த ஒவ்வொருவருக்கும் வண்டியை நிறுத்தி நான் யார் என்று விளக்கம் சொன்னதில் நேரமாகிவிட்டது. "இந்தியாவில இருந்து வந்திருக்கிறா. ஜி.பி.எஸ். எஞ்சினியர்" என்றார். நான் மறுக்க வாயைத் திறந்தபோதெல்லாம் வண்டி பள்ளத்தில் இறங்கியது.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் புட்டும் விளைமீன் குழம்பும் சொதியும். சொதியைப் பார்த்து, உடம்பு சரியில்லாதவர்களுக்கு வைத்த ரசம் போலிருக்கிறது என்று ஒதுக்கி வைத்தேன். மெட்லின் அதை எடுத்துப் புட்டின் தலையில் ஊற்றினாள். அதற்குப் பிறகு நானே கேட்டு இரண்டு தடவை ஊற்றிக்கொண்டேன். எங்கள் ஊரில் தேங்காய்ப்பால் விசேஷத்துக்கு வரும் சொந்தக்காரர், இங்கே அது வீட்டிலேயே குடியிருக்கிறது.

சாப்பாட்டின் நடுவில்தான் விஷயம் வந்தது. செபமாலை அண்ணன் மன்னார்த் தீவின் வடகரையில், பேசாலையில் பிறந்தவர். அந்தப் பக்கத்துக் கடல் அவருக்குச் சொந்தச் சமையலறை மாதிரி, இருட்டிலும் உப்பு எங்கே என்று தெரியும். ஆனால் அங்கே அவர் விட்ட வலைகளை இந்திய இழுவைப் படகுகள் பலமுறை வழித்துக்கொண்டு போய்விட்டன. வெறுத்துப்போய், தென்கரையில் இருக்கும் மனைவியின் ஊருக்கே வந்துவிட்டார். இங்கே இழுவைப் படகுத் தொல்லை குறைவு. ஆனால் கடலின் அடியில் நிறையப் 'பார்' இருக்கிறது. பார் என்றால் தண்ணீருக்கடியில் இருக்கும் பாறைத் திட்டு. மேலே எல்லாம் ஒரே தண்ணீர். வலை அடியில் போய்ப் பாரில் சிக்கினால் கந்தலாகத்தான் திரும்பி வரும். வந்த சில மாதத்தில் இரண்டு தடவை அப்படி ஆகி, இப்போது அவரிடம் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு வலைத் தொகுதி.

"உங்கட ஆக்களின்ர றோலர் மட்டும் இல்லையெண்டால் நான் ஏன் இஞ்சால வாறன்?" என்றார் என்னைப் பார்த்து. இழுவைப் படகைத்தான் றோலர் என்கிறார்கள்.

"இவள் பாங்கில வேலை செய்யிறவள். றோலர் ஓட்டேல்லை" என்றாள் மெட்லின்.

"நான் தங்கச்சியைச் சொல்லேல்லை. பொதுவாச் சொன்னனான்."

மெட்லினின் தம்பி கத்தாரில் இருக்கிறான். ஒரு சரக்குக் கிடங்கில் அத்தானுக்கு வேலை பேசி வைத்திருக்கிறான். இந்த வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். "மிச்ச வலையும் கிழிஞ்சால் போட்டை வித்துப்போட்டுக் கத்தாருக்குப் போறன். சொல்லியாச்சு" என்று அண்ணன் புட்டைப் பார்த்துச் சொன்னார். நாற்பத்தெட்டு வயதில் அவர் இதுவரை ஒருநாள்கூடக் கூரைக்குக் கீழே வேலை பார்த்ததில்லை.

"போனால் போங்கோ. அங்க ஏசி இருக்காம்" என்று சொல்லிக்கொண்டே மெட்லின் குழம்பில் இருந்த பெரிய துண்டை அவர் தட்டில் வைத்தாள்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் இந்தக் கடலில் பிறந்து வளர்ந்தவர்கள்தானே, எங்கே மீன், எங்கே பார் என்று அவர்களையே கேட்டால் என்ன என்றேன். புருஷன் பெண்டாட்டி இருவரும் நான் ஏதோ அசிங்கமாகப் பேசிவிட்டது போல் பார்த்தார்கள்.

"கேக்கக்கூடாது தங்கச்சி. ஒருத்தன்ர பொயின்டைக் கேக்கிறது, அவன்ர மனிசியின்ர வயசைக் கேக்கிற மாதிரி" என்றார் அண்ணன். மீன் கிடைக்கும் இடத்தின் எண்களைத்தான் பொயின்ட் என்கிறார்கள். அதை அவரவர் போனிலோ கருவியிலோ பூட்டி வைத்திருக்கிறார்கள். கடலில் இன்னொரு படகு பக்கத்தில் வந்தால் உடனே எஞ்சின் மூடியைத் திறந்து பழுது பார்ப்பது போல் நடிப்பார்களாம். தாழ்வுபாட்டில் நடுக்கடலில் பழுதாகாத எஞ்சினே இல்லை. கரைக்கு வந்ததும் எல்லாம் நன்றாக ஓடுகின்றன.

மறுநாள் மன்னார் டவுனில் நிஸ்தார் நானாவின் கடைக்குப் போனோம். முசலிப் பக்கத்து முஸ்லிம், அங்கே அண்ணனை நானா என்பார்கள். மிதவை, கயிறு, எஞ்சின் எண்ணெய்க்கு நடுவே ஒரு கண்ணாடி அலுமாரியில் ஜி.பி.எஸ். கருவிகள் வரிசையாக இருந்தன. நான் முந்தின வாரம் முழுக்க இணையத்தில் வீடியோ பார்த்துப் படித்துக்கொண்டு வந்திருந்தேன். ஏதோ ஒரு வெளிநாட்டு ஏரியில், பை நிறைய உள்ள சட்டை போட்ட ஒருவன் திரையைப் பார்த்து, தூண்டில் போட்டு, மீனைப் பிடித்து, அதற்கு முத்தம் கொடுத்துத் திரும்பத் தண்ணீரில் விடுவான். அதை அண்ணனுக்கும் காட்டினேன். அதுதான் தப்பாகப் போய்விட்டது.

"பிடிச்ச மீனை விடுறவன் சொல்லுறதைக் கேட்டு மெஷின் வாங்கச் சொல்லுறீங்கள்" என்று கடை வாசல் வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

முதலில் கையில் பிடிக்கும் சின்னக் கருவி. விலை குறைவு, எழுத்தும் குறைவு. அண்ணன் அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், பிறகு தூரமாகக் கொண்டுபோய், கடைசியில் கண்ணாடி அலுமாரி மேல் வைத்துவிட்டார். அடுத்தது பெரியது. விரலால் தொட்டாலே படம் நகரும். நிஸ்தார் நானா அதற்கு ஒரு கல்யாண மாப்பிள்ளைக்குச் சொல்வது போல் குணநலன்களைச் சொன்னார். நான் ஒரு வாளித் தண்ணீர் கேட்டேன். அண்ணன் விரலை நனைத்துத் திரையைத் தொட்டார். படம் அப்படியே நின்றது. இன்னொரு தடவை தொட்டதும் ஆப்பிரிக்காவுக்குப் போய்விட்டது.

"கடல்ல என்ர கை எப்ப காய்ஞ்சு இருக்கும்?" என்றார் அண்ணன். பெரியதும் அலுமாரிக்குள் போனது.

மூன்றாவது நடுத்தரம். தொடுதிரை இல்லை, பட்டன். பட்டன் ஒவ்வொன்றும் நல்ல தடிமனாக இருந்தது. தெருவுக்குக் கொண்டுபோய் உச்சி வெயிலில் பிடித்துப் பார்த்தோம். எழுத்து தெரிந்தது. ஒரு கழுதையும் வந்து எட்டிப் பார்த்தது. படகின் பின்னால் பொருத்த ஒரு சென்சாரும் கூடவே வரும், அது கடலின் ஆழத்தைச் சொல்லும். நான் கெத்தாக, "மேப் கார்டு இருக்கா?" என்றேன். இருந்தது. போட்டுப் பார்த்தால் மன்னாருக்குத் தெற்கே பெரிய வெள்ளை இடம், அதில் அங்கங்கே சில எண்கள். ஒரு பாரைக்கூடக் காணோம்.

"இதில ஒண்டுமே இல்லையே நானா?" என்றாள் மெட்லின்.

"கப்பல் போற இடமெண்டால் வரைஞ்சிருப்பான். இது உங்கட போட் போற இடம். ஆர் வந்து வரையிறது?" என்றார் நிஸ்தார் நானா. "ஆனா இந்த மெஷினில ஒரு விசயம் இருக்கு. நீங்க ஓட ஓட அதுவே ஆழத்தைப் பதிஞ்சு கோடு போட்டுக்கொண்டு வரும். புதுக் கடல் படிக்கிறவனுக்கு இதுதான் சரி." மற்ற தாழ்வுபாட்டுக்காரர்கள் எதை வாங்கினார்கள் என்று அண்ணன் மெல்லக் கேட்டார். நானா காது கேளாதவர் போல் எண்ணெய் டப்பாக்களை அடுக்க ஆரம்பித்தார். வாங்குகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்களாம், யாருக்கும் சொல்லக்கூடாது என்றும் சொல்லிவிட்டுப் போகிறார்களாம். நடுத்தரத்தையே வாங்கினோம்.

அன்று சாயங்காலம் படகின் பின்பக்கத்தில் சென்சாரைப் பொருத்தினார் அண்ணன். கரையில் நின்ற கடற்படைக்காரர் ஒருவர் வந்து திரையைப் பார்த்துச் சிங்களத்தில் ஏதோ கேட்டார். எனக்குப் பயமாகிவிட்டது. மெட்லின் சிரித்தாள். "இதில கிரிக்கெட் மட்ச் பாக்கலாமோ எண்டு கேக்கிறார்" என்றாள். முடியாது என்றதும் அவருக்கு ஆர்வம் போய்விட்டது.

மறுநாள் காலை வெள்ளோட்டம். நானும் ஏறினேன். கருவியை இயக்கியதும் நாங்கள் நின்ற மணல், படத்தில் கடலாக இருந்தது. திரையின்படி பார்த்தால் மெட்லின் கழுத்தளவு தண்ணீரில் நின்று எங்களுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தாள். "ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணுங்க" என்றேன். அப்படியும் அவள் கரையேறவில்லை. ஆனால் படகு கொஞ்ச தூரம் போனதும் திரையில் கோடுகள் விழ ஆரம்பித்தன. ஆழம் குறைகிறது, கூடுகிறது, திடீரென்று மேடு. அண்ணன் எஞ்சினை மெதுவாக்கி அந்த மேட்டையே சுற்றிச் சுற்றி வந்தார். அவர் முகத்தில் முதல் முறையாகச் சிரிப்பைப் பார்த்தேன். நான் படகின் விளிம்பில் தலையைத் தொங்கவிட்டுக் காலையில் சாப்பிட்ட இடியப்பத்தை மீன்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

கரைக்கு வந்தோம். தாழ்வுபாட்டில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் படகு கரை தொட்டாலும், அக்கம்பக்கத்தில் நிற்கிறவர்கள் எல்லாரும் ஓடி வந்து மணலில் மேலே ஏற்றிவிட வேண்டும். சண்டைக்காரன் படகாக இருந்தாலும் சரி. கையில் எது அகப்படுகிறதோ அதைப் பிடித்து இழுப்பார்கள். முதலில் ஓடி வந்தவர் பக்கத்து வீட்டு சூசை அண்ணன். ஊரிலேயே பெரிய தோள் அவருடையதுதான். பின்பக்கம் போய், பிடிக்க வாகான இடம் தேடினார். நேற்று வரை அந்த இடத்தில் பிடி எதுவும் இருந்ததில்லை. இன்று புத்தம்புதிதாக, கைக்கு அடக்கமாக, கறுப்பாக ஒரு பிடி இருந்தது. ஊரே சேர்ந்து குரல் கொடுத்தபோது அவர் மூச்சைப் பிடித்து இழுத்தார்.

"இதென்ன, கழண்டு வருது?" என்று சென்சாரைத் தூக்கிக் காட்டினார்.

செபமாலை அண்ணன் திட்டவில்லை. உதவிக்கு வந்தவரை எப்படித் திட்டுவது? மணலில் உட்கார்ந்துவிட்டார். போன் செய்து கேட்டதில், வேறு சென்சார் கொழும்பிலிருந்து வர இரண்டு மூன்று வாரமாகும் என்றார் நிஸ்தார் நானா. அதற்குள் சோளகம் கிளம்பிவிடும். அதுதான் தென்மேற்குக் காற்று. கிளம்பினால் தென்கரையில் தொழில் பாதியாகிவிடும். கத்தார்க்காரனும் அதுவரை காத்திருக்க மாட்டான். அடம்பனில் ஒருவர் அறுவடை இயந்திரங்களின் மீட்டரையெல்லாம் பழுது பார்ப்பார், அவரிடம் காட்டிப் பாருங்கள் என்றார் நானா.

அடுத்த நாள் நானும் மெட்லினும் சென்சாரைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு அடம்பனுக்கு பஸ் ஏறினோம். வழியில் மாலு பாண் வாங்கிச் சாப்பிட்டோம். பன்னுக்குள் மீன். எங்கள் ஊரில் பன்னுக்குள் தேங்காய் இனிப்பு வைப்பார்கள், அதை நினைத்துக்கொண்டு கடித்தவளுக்கு மிளகாய் மூக்கில் ஏறியது. பஸ் ஓரிடத்தில் மாடுகளுக்காக நின்றது, இன்னோரிடத்தில் டிரைவரின் மச்சானுக்காக நின்றது. அடம்பனில் கடை பூட்டியிருந்தது. ஆள் நறுவிலிக்குளத்தில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருப்பதாகப் பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். உயிர்ப்புத் திருநாள், அதாவது ஈஸ்டர், முடிந்த கையோடு எங்கே பார்த்தாலும் கல்யாணம்தான். நறுவிலிக்குளம் அதற்கு நேரெதிர்த் திசை. போனோம்.

கல்யாண வீட்டில் எங்களை யார் என்றே கேட்கவில்லை, பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள். ஆட்டிறைச்சிக் கறி பிரமாதம். மீட்டர்காரர் பக்கத்து வரிசையில் அகப்பட்டார். சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டு வந்து, சென்சாரைத் தட்டிப் பார்த்து, காதில் வைத்துக் கேட்டுப் பார்த்து, மெட்லினிடம் திருப்பிக் கொடுத்தார்.

"இது கடல்ச் சாமான் அக்கா. எனக்கு வயல்ச் சாமான்தான் தெரியும். இன்னும் கொஞ்சம் கறி போடச் சொல்லட்டோ?"

திரும்பும் பஸ்ஸில் மெட்லின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுகிறாள் என்று தெரிந்தது. "அவர் கத்தாரில என்னடி செய்வார்? நடுக்கடல்ல நிண்டு பாட்டுப் பாடிப் பழகின மனிசன்" என்றாள். போனால் போங்கோ என்று அன்றைக்குச் சொன்னவள் இவள்தான். பையில் உடைந்த சென்சாரும், யாரோ கட்டிக் கொடுத்த கல்யாணப் பலகாரமும் இருந்தன. இரண்டு பலகாரம் சாப்பிட்டோம்.

எங்களுக்கு முன் சீட்டில் ஒரு விவசாயி. பக்கத்தில் இருந்தவர், "இந்த முறை விளைச்சல் எப்பிடி?" என்று கேட்டார். "ஏதோ, பரவாயில்லை" என்று விவசாயி வாயை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "உங்கட ட்ராக்டர் தாண்டு போச்சுதாமே?" என்று கேட்டார் பக்கத்தில் இருந்தவர். அவ்வளவுதான். விவசாயி, எந்த வயல், எந்த மூலை, எவ்வளவு சேறு, இழுக்க வந்த ட்ராக்டரும் எப்படித் தாழ்ந்தது என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொல்லிக்கொண்டே வந்தார். கண்டக்டர் டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

எனக்கு என் வேலை ஞாபகம் வந்தது. போனில் கூப்பிடுகிறவர்களிடம் "நீங்க என்ன பண்ணீங்க?" என்று கேட்டால் ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். "என்ன போச்சு?" என்று கேட்டால் பிறந்ததிலிருந்து ஆரம்பிப்பார்கள். மெட்லினின் தோளைத் தட்டினேன். "மீன் எங்கன்னு கேட்டாத்தானே சொல்ல மாட்டாங்க? வலை எங்க கிழிஞ்சதுன்னு கேட்டா?"

மெட்லின் கண்ணைத் துடைத்தாள். "விடிய விடியச் சொல்லுவாங்கள்" என்றாள்.

சூசை அண்ணனிடமிருந்தே ஆரம்பித்தோம். சென்சாரை உடைத்த வருத்தத்தில் ஒரு பை நண்டோடு அவரே வீட்டுக்கு வந்திருந்தார். கதிரையைப் போட்டு உட்கார வைத்து, "அண்ணே, உங்க வலை எங்கயாவது கிழிஞ்சிருக்கா?" என்றேன்.

"எங்கயாவதோ? இருங்கோ தங்கச்சி, சொல்லுறன்" என்று கதிரையை முன்னால் இழுத்துக்கொண்டார். கடலிலிருந்து பார்த்தால் நாலாவது காற்றாடியும் கோயில் கோபுரமும் ஒரே நேராகத் தெரிகிற இடத்தில் ஒன்று, அதற்குத் தெற்கே இன்னொன்று. காற்றாடி என்பது கரையோரம் நிறுத்தியிருக்கும் காற்றாலை, கோயில் என்பது தேவாலயம். போனை எடுத்து எண்களையே வாசித்தார். "இந்தப் பக்கம் செத்தாலும் போகக்கூடாது எண்டு குறிச்சு வச்சிருக்கிறன்." சென்சார் இல்லாவிட்டால் ஆழம்தான் தெரியாது, இடத்தைக் கருவி காட்டும்; செபமாலை அண்ணன் அதில் ஒவ்வொன்றாக ஏற்றினார். அடையாளத்துக்கு மீன், நங்கூரம், மண்டையோடு, சிலுவை என்று படங்கள் இருந்தன. மண்டையோடு வீட்டுக்கு ஆகாது என்று மெட்லின் சொன்னதால் சிலுவை.

மறுநாள் கருவாடு காயப்போடும் இடத்துக்கு நானும் மெட்லினும் போனோம். அங்கே பெண்களிடம் கேட்டது இன்னும் நல்லதாகப் போயிற்று. ஆண்கள் சொன்ன கணக்கில் பாதியை அவர்கள் திருத்தினார்கள். "சுறா அடிச்சுக் கிழிச்சது எண்டு எங்கட மனிசன் சொல்லுவார். பார்தான். தைச்சது நான், எனக்குத் தெரியாதோ?" என்றார் ஓர் அக்கா. பாரில் உரசிய வலை ஒரு பக்கமாக நூல் நூலாகத் தேய்ந்து கிழியுமாம், சுறா ஓட்டை போட்டுவிட்டுப் போய்விடுமாம். சாயங்காலத்துக்குள் விஷயம் ஊர் முழுக்கப் பரவி, ஆட்கள் தாங்களாகவே வாசலுக்கு வர ஆரம்பித்தார்கள். யார் வலை பெரிய வலை, யார் நஷ்டம் பெரிய நஷ்டம் என்று போட்டி. தன்னை ஏன் கேட்கவில்லை என்று ஒருவர் கோபித்துக்கொண்டார். மெட்லின் தேத்தண்ணி ஊற்றி ஊற்றிச் சீனி டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினாள்.

எண்கள் இல்லாமல், காற்றாடியையும் கோபுரத்தையும் வைத்துச் சொன்னவர்களின் இடங்களை அடுத்த நாள் படகில் போய்ப் பார்த்துக் குறித்தோம். நான் இடியப்பம் சாப்பிடாமல் போனேன்.

அன்று பொழுது சாய்கிற நேரம், செபமாலை அண்ணன் வீட்டில் கருவியை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நிஸ்தார் நானாவின் கார்டு வெள்ளையாக விட்டிருந்த கடலில் இப்போது வரிசை வரிசையாகச் சிலுவைகள். கோயிலுக்குப் பின்னால் இருக்கும் சேமக்காலையை, அதுதான் கல்லறைத் தோட்டத்தை, யாரோ கடலுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள் என்று நான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நான் சொன்னது அவர் காதில் விழவே இல்லை.

"மெட்லின், இஞ்ச வா" என்று கூப்பிட்டார். "இவங்கள் எல்லாரும் இந்தக் கடலில பிறந்தவங்கள். பார் இருக்கெண்டு தெரிஞ்சுகொண்டும் ஏன் திரும்பத் திரும்ப அங்கயே போய் வலையைக் குடுத்தவங்கள்?"

மெட்லின் திரையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

"மீன் இல்லாத இடத்தில ஆராவது வலை விடுவானோ?" என்றார். இரண்டு வரிசைச் சிலுவைகளுக்கு நடுவே, சிலுவையே இல்லாத ஒரு நீளமான சந்து ஓடியது, இங்கே அதை ஒழுங்கை என்பார்கள். பாருக்குப் பக்கத்தில்தான் மீன் நிற்கும். அந்த ஒழுங்கையில் வலை நேராக விழுந்தால் மீன். கொஞ்சம் தள்ளி விழுந்தால் கத்தார்.

அன்று இரவு அவர் வலையை ஏற்றிக்கொண்டு கிளம்பியதும் மெட்லின் மணிகளை உருட்டிச் செபமாலை சொல்ல உட்கார்ந்தாள். புருஷன் பெயரும் அதுதான், கையில் இருப்பதும் அதுதான் என்று நான் கேலி செய்தேன். "வாயை மூடு" என்றாள். மூடிக்கொண்டேன். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. கருவியைத் தேர்ந்தெடுத்தவள் நான், வலை கிழிந்த இடத்தைக் கேளுங்கள் என்று சொன்னவளும் நான். அவர் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கிக்கொண்டு நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

விடிந்ததும் கரைக்குப் போனோம். படகுகள் ஒவ்வொன்றாக வந்தன. அவர் படகைக் காணோம். மெட்லின் மற்றப் படகுகளை இழுக்கக் கைகொடுத்துக்கொண்டிருந்தாள். வெயில் ஏறியபிறகு அவர் படகு தெரிந்தது. அவள் முதலில் பார்த்தது மீனை இல்லை, வலையை. குவியலாகக் கிடந்ததை இழுத்து, ஓரத்தைக் கையில் எடுத்து, விரலால் தடவித் தடவிக் கடைசி வரைக்கும் போனாள். எங்கும் நூல் தேய்ந்திருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் படகுக்குள் எட்டிப் பார்த்தாள். விளைமீனும் பாரை மீனும் கிடந்தன, நிறையக் கிடந்தன. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

சூசை அண்ணன் ஓடிவந்து படகைப் பிடித்தார், இந்த முறை முன்பக்கம். உள்ளே பார்த்தார். "எந்தப் பக்கம் விட்டனீங்கள்?" என்றார்.

செபமாலை அண்ணன் எஞ்சின் மூடியைத் திறந்து உள்ளே எதையோ தேட ஆரம்பித்தார். "சும்மா, அங்கால. எஞ்சினில ஒரு சத்தம் கேட்டுது, நிப்பாட்டின இடத்தில விட்டனான்" என்றார். அவர் முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை. சூசை அண்ணன் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். வேறு பதிலை அவரும் எதிர்பார்க்கவில்லை.

அன்று மாலை மெட்லின் தம்பிக்குப் போன் செய்து அத்தான் வரவில்லை என்று சொன்னாள். நான் மறுநாள் கிளம்ப வேண்டும். பெட்டியைக் கட்டிவிட்டு வந்து, கருவியைத் துடைத்துக்கொண்டிருந்த அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அண்ணே, அந்த இடத்தை ஒருதடவை காட்டுங்க, பாத்துட்டுப் போறேன்" என்றேன். நான் தேர்ந்தெடுத்த கருவி, பட்டனை எப்படி அழுத்துவது என்று நான் சொல்லிக் கொடுத்த கருவி.

அவர் திரையை இயக்கினார். சிலுவைகள் எல்லாம் வந்தன. பிறகு ஒழுங்கை இருந்த இடத்தின் மேல் தன் பெரிய உள்ளங்கையை மெதுவாக வைத்து மூடினார்.

"குறை நினையாதேங்கோ தங்கச்சி" என்றார். "நீங்கள் அந்தப் பக்கம் போறனீங்கள்."

உள்ளேயிருந்து மெட்லின் அவரை அதட்டினாள். நான் சிரித்தேன். சிரித்தபோது எனக்கு எங்கேயோ வலித்தது. கோபம் வரவில்லை. எங்கள் பக்கத்திலிருந்து வந்த படகுகள் அவரிடமிருந்து ஒரு கடலையே எடுத்துக்கொண்டு போயிருந்தன, கிடைத்திருக்கும் இந்தச் சின்ன ஒழுங்கையை அவர் யாருக்குத்தான் காட்டுவார்? பரவாயில்லை அண்ணே என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்து, சங்கடமாகச் சிரித்து, மெட்லினிடம் எனக்குத் தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார். கையை மட்டும் எடுக்கவில்லை.